லோயர் காசு: எதற்கு, எவ்வளவு, யார் தலையில்?

“கேஸ்ல நாங்க ஜெயிச்சா லோயர் காச எதிராளிதானே கட்டணும்?”

ஹட்டனிலோ பதுளையிலோ நீதிமன்ற வளவில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழாமல் இருக்காது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலும் இல்லை. இலங்கையில் நீங்கள் பிடிக்கும் சட்டத்தரணிக்கு நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும், வென்றாலும் சரி, தோற்றாலும் சரி. தோற்றவர் வென்றவருக்கு வழக்குச் செலவு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிடலாம்தான். ஆனால் அது நீங்கள் லோயருக்குக் கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்துப் போடும் தொகை கிடையாது. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் அதற்கென்று ஓர் அட்டவணை இருக்கிறது. அதன்படி கணக்கிட்டு வரும் தொகைக்கும் உங்கள் கையை விட்டுப் போன தொகைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆகவே செலவு திரும்பி வந்துவிடும் என்ற நம்பிக்கையில் தோட்டை அடகு வைத்து வழக்குப் போடாதீர்கள். போட வேண்டிய வழக்கென்றால், காசு எங்கெங்கே போகும் என்று தெரிந்துகொண்டு போடுங்கள். இதுவரை லோயர் வீட்டுப் படி ஏறாதவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பாருங்கள்: லோயர் தேவைதானா?

மலையகத்தில் லோயரைத் தேடி வருகிறவர்களில் கணிசமான பேருக்கு அந்தக் கட்டத்தில் லோயரே தேவையில்லை. இதைச் சொன்னால் சில சட்டத்தரணிகளுக்குக் கோபம் வரும், நல்ல சட்டத்தரணிகள் அவர்களே சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

சேவைக்காலப் பணத்தை எடுத்துக்கொள்வோம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் வேலை செய்து விலகிய தோட்டத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். அதுவும் விலகி 30 நாளுக்குள். அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் இருபது வருடம் கொழுந்து பறித்த ஒருவருக்கு 3,78,000 ரூபாய் வரும். தோட்டம் இதைக் கொடுக்காமல் இழுத்தடித்தால், அதை அறவிட்டுத் தருவது தொழில் திணைக்களத்தின் வேலை. தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்க ஒரு சதம் கட்ட வேண்டாம். திணைக்களமே நீதவான் நீதிமன்றம் வரை போகும், அங்கேயும் உங்களிடம் லோயர் காசு கேட்க மாட்டார்கள். ஊழியர் சேமலாப நிதிக் காசு கட்டப்படாமல் இருந்தாலும் இதே வழிதான். ‘ஈபிஎப் எடுத்துத் தருகிறேன், பத்து வீதம் கொடு’ என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் காசில் பங்கு கேட்கிறார் என்று மட்டும் விளங்கிக்கொள்ளுங்கள்.

வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்றால் போக வேண்டிய இடம், தோட்டத்தில் லேபர் ட்ரிபியூனல் என்று சொல்லும் தொழில் நியாய சபை. இங்கே உங்களுக்காகத் தொழிற்சங்கம் விண்ணப்பம் போடலாம், சங்கத்தின் பிரதிநிதியே முன்னிலையாகி வாதாடலாம். மாதாமாதம் செக்ரோலில் (தோட்டச் சம்பளப் பதிவேட்டில்) சந்தா வெட்டுகிறார்கள் அல்லவா, அந்தச் சந்தாவுக்கு நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய சேவைகளில் இதுவும் ஒன்று. சங்கத்தின் பிரதேச காரியாலயத்துக்கு நேரே போய்க் கேளுங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: வேலை நிறுத்தப்பட்ட நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போயாக வேண்டும். ‘தலைவர் பார்த்துக்கொள்கிறேன் என்றார்’ என்று சும்மா இருந்து அந்த ஆறு மாதத்தை விட்டவர்கள் உண்டு. சங்கம் விண்ணப்பம் போட்டதா, இலக்கம் என்ன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சங்கம் இழுக்கிறது என்று தெரிந்தால் அப்போது லோயரிடம் போவதில் தப்பே இல்லை.

அடுத்தது மத்தியஸ்த சபை. பக்கத்து லயத்தோடு வேலித் தகராறு, கைமாற்றுக் கொடுத்த காசு திரும்பவில்லை, மாடு புகுந்து தோட்டத்தை நாசமாக்கியது போன்ற, குறிப்பிட்ட பெறுமதிக்கு உட்பட்ட பிணக்குகளை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி முதலில் அங்கேதான் கொண்டுபோக வேண்டும். இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழ் அங்கே வாங்காமல் நேரே வழக்குப் போட்டால் நீதிமன்றம் ஏற்காது. சபை பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் பாடசாலைகளில் கூடுவதால் ‘பேர்’ (தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு விழும் பதிவு, அந்த நாள் சம்பளம்) அடிபடாது. இன்னொரு பெரிய சௌகரியம், அங்கே லோயர்மார் யாருக்காகவும் பேச முடியாது. பணக்காரர் கொழும்பில் இருந்து ஆளைக் கூட்டி வந்தாலும் அவர் வெளியேதான் நிற்க வேண்டும். நீங்களும் எதிராளியும் மத்தியஸ்தர்களும் மட்டும்தான். அரசாங்கம் ஒரு தரப்பாக உள்ள விடயங்கள், விவாகரத்து, காணிப் பங்கு பிரிப்பு போன்றவை இதற்குள் வராது.

பொலிஸ் வழக்கில் நீங்கள் முறைப்பாட்டுக்காரர் என்றாலும் லோயர் கட்டாயம் இல்லை. அடித்தவர் மீது வழக்கு நடத்துவது பொலிஸார், பெரிய குற்றம் என்றால் சட்டமா அதிபர் திணைக்களம். உங்கள் நலனைக் கவனிக்க ஒருவரை நீங்கள் அமர்த்தலாம், விரும்பினால். காசு உங்களுடையது.

பிள்ளைகளோடு கைவிடப்பட்ட பெண், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி பராமரிப்புக் காசு கேட்டு நீதவான் நீதிமன்றத்தில் தானே மனுக் கொடுக்கலாம். நடைமுறையில் பக்கத்தில் ஒரு சட்டத்தரணி இருந்தால் வேலை சுலபம். அதற்குத்தான் அடுத்த விடயம்.

காசில்லாதவருக்கு என்ன வழி?

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டான சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு நாடெங்கும் நிலையங்கள் உள்ளன, பெரும்பாலும் நீதிமன்ற வளவுக்கு உள்ளேயோ பக்கத்திலோ. உங்கள் ஊர் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால் கையைக் காட்டி அனுப்புவார்கள். ஆலோசனை இலவசம். வழக்கையே எடுத்து நடத்த வேண்டும் என்றால் உங்கள் வருமானத்தைப் பார்ப்பார்கள். தாபரிப்பு, விவாகரத்து, குடும்ப வன்முறை போன்றவற்றில் இவர்களுக்கு நல்ல பழக்கம் உண்டு.

போகும்போது தேசிய அடையாள அட்டை, சம்பளச் சிட்டை, கிராம உத்தியோகத்தரிடம் வாங்கிய வருமானக் கடிதம், பிறகு வழக்கோடு சம்பந்தப்பட்ட எல்லாக் கடதாசிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடதாசி இல்லாமல் போனால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள், இன்னொரு பேர் போய்விடும்.

‘இலவசம் என்றால் அரைகுறையாகத்தான் செய்வார்கள்’ என்று சிலர் அங்கே போகவே யோசிக்கிறார்கள். தவணைக்குத் தவணை (வழக்குக் கூப்பிடும் ஒவ்வொரு திகதிக்கும்) காசு வாங்கிக்கொண்டு அரைகுறையாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். தரம் ஆளைப் பொறுத்தது. முதலில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் கொடுக்கப்பட்ட ஒருவருக்கு லோயர் பிடிக்க வசதி இல்லையென்றால், நீதிபதியே ஒரு சட்டத்தரணியை நியமிப்பார். செலவு அரசாங்கத்தினுடையது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் உள்ள ஏற்பாடு இது. உள்ளே இருக்கும் மகனுக்காகத் தாய்மார் வட்டிக்கு வாங்கி ஓடுவதற்கு முன்பு, நீதிபதி கேட்கும்போது ‘வசதி இல்லை’ என்று அந்த மகனே வாயைத் திறந்து சொன்னால் போதும்.

லோயரை எப்படிப் பிடிப்பது?

நீதிமன்ற வாசலில், பஸ் நிலையத்தில், சிலவேளை பொலிஸ் நிலையத்துக்கு வெளியேகூட ஒருவர் வந்து தோளில் கை போடுவார். ‘என்ன கேஸ் தம்பி? நல்ல லோயர் ஒருத்தர் இருக்கார், நம்ம ஆள்தான்.’ இவர் தரகர். இவருக்குப் போகும் பங்கும் உங்கள் காசில்தான் சேர்ந்திருக்கும். ஆள் வைத்து வழக்குப் பிடிப்பது சட்டத்தரணிகளுக்கு உயர் நீதிமன்றம் விதித்த ஒழுக்க விதிகளுக்கே விரோதம். அப்படி வழக்குப் பிடிக்கும் ஒருவரை நம்பி ஏன் போக வேண்டும்?

வழக்கு நடக்கும் நாளொன்றில் திறந்த நீதிமன்றத்தின் பின்வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். யார் தயாராக வருகிறார், யார் தவணை கேட்டே காலத்தைக் கடத்துகிறார், யார் தம் கட்சிக்காரரோடு தமிழில் நின்று பேசுகிறார் என்று தானாகத் தெரிந்துவிடும். ஊரில் அதே மாதிரி வழக்கு நடத்தியவர்களிடமும் கேளுங்கள். ‘வென்றாயா?’ என்பதோடு நிறுத்தாமல், ‘சொன்ன காசுக்கு மேல் கேட்டாரா, தவணைக்குத் தானே வந்தாரா?’ என்றும் கேளுங்கள்.

கொழும்பில் இருந்து பெரிய ஆளைக் கொண்டு வரத்தான் வேண்டும் என்று சிலர் நிற்பார்கள். ஜனாதிபதி சட்டத்தரணி ஒருவர் நுவரெலியாவுக்கு வந்து போவதென்றால் அவருடைய கட்டணம், கூட வரும் ஜூனியரின் கட்டணம், வாகனம், தங்குமிடம் எல்லாம் உங்கள் கணக்கு. கொலை வழக்குக்கு, பெரிய காணி வழக்குக்கு அது சரியாக இருக்கலாம். வேலித் தகராறுக்கு வேண்டாம்.

காசு பேசும் நாள்

இந்த இடத்தில்தான் நம்மாட்கள் பெரும்பாலும் வாயை மூடிக்கொள்கிறார்கள். மருத்துவரிடம் காசு கேட்கக் கூச்சப்படுவது மாதிரி லோயரிடமும் கூச்சம். அவர் ஒரு தொகையைச் சொல்வார், இவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து கணக்குப் பார்ப்பார். கூச்சத்தை அலுவலகக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டுப் போங்கள். சட்டத்தரணிகளின் கட்டணத்துக்கு அரசாங்க விலைப்பட்டியல் கிடையாது. பேசித்தான் தீர்க்க வேண்டும், பேசினால் குறையவும் செய்யும்.

பொதுவாக இரண்டு விதமாகக் காசு வாங்குவார்கள். ஒன்று, வழக்கு முழுவதற்கும் ஒரே தொகை. சத்தியக்கடதாசி எழுதுவது, கோரிக்கைக் கடிதம் அனுப்புவது, விட்டுக்கொடுத்து முடியும் விவாகரத்து போன்ற, முடிவு தெரிந்த வேலைகளுக்கு இது நல்லது. மற்றது, தவணைக்கு இவ்வளவு என்பது. நீதவான் நீதிமன்றத்திலும் நீண்ட சிவில் வழக்குகளிலும் இதுதான் அதிகம்.

தவணைக் காசில் ஒரு பொறி இருக்கிறது. தவணைக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒரு காணி வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் ஐந்து வருடம், பத்து வருடம் ஓடுவது நம் நாட்டில் அதிசயமில்லை. வருடத்துக்கு ஆறு தவணை, ஏழு வருடம் என்றால் 2,10,000 ரூபாய். அதில் பாதித் தவணையில் நடந்தது என்ன? வழக்கைக் கூப்பிட்டார்கள், எதிர்த்தரப்பு லோயருக்குச் சுகமில்லை, அடுத்த திகதி கொடுத்தார்கள். உங்கள் லோயர் எழுந்து நின்று உட்கார்ந்தார். அதற்கும் 5,000 ரூபாய். போதாததற்கு உங்கள் ஒரு நாள் பேரும் பஸ் காசும் போனது.

அதனால் தவணைக் காசு என்று சொன்னால் இவற்றை அங்கேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். வழக்கைக் கூப்பிட்டுத் திகதி மட்டும் கொடுக்கும் நாளுக்கும், சாட்சி விசாரிக்கும் நாளுக்கும் ஒரே காசா? எதிர்த்தரப்பு தவணை கேட்டால்? உங்கள் லோயரே வேறு நீதிமன்றத்தில் மாட்டிக்கொண்டு தவணை கேட்டால்? (இதற்கும் காசு கேட்பவரிடம் இருந்து மெல்லக் கழன்றுகொள்ளுங்கள்.) அவர் வராமல் ஜூனியர் வந்தால் முழுக் காசா, அரைக் காசா? நீங்கள் கட்டாயம் வர வேண்டிய தவணைகள் எவை, வராவிட்டாலும் பரவாயில்லை என்பவை எவை? இந்தக் கடைசிக் கேள்வி லோயர் காசைப் பற்றியதல்ல, உங்கள் பேரைப் பற்றியது. ஆனால் தோட்ட வேலை செய்பவருக்கு அதுவும் செலவுதானே. ஒன்று மட்டும் கவனம்: குற்ற வழக்கில் நீங்கள் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) என்றால் ஒரு தவணையும் விடக்கூடாது, பிடியாணை வந்துவிடும்.

தவணை கேட்பவரே அந்த நாளின் செலவை மற்றவருக்குக் கட்ட வேண்டும் என்று நீதிபதி உத்தரவிடுவதும் உண்டு. எதிர்த்தரப்பு மீண்டும் மீண்டும் தள்ளிப்போட்டால், ‘செலவு கேளுங்கள்’ என்று உங்கள் லோயரிடம் சொல்லுங்கள்.

மாவட்ட நீதிமன்றத்தில் இன்னொரு விடயம் புதியவர்களைக் குழப்பும். ஒரே வழக்குக்கு இரண்டு லோயர். ஒருவர் உங்கள் பெயரில் பதிவான சட்டத்தரணி, கடதாசி வேலையெல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர் நீதிபதி முன் வாதாடுபவர். சின்ன ஊர்களில் ஒருவரே இரண்டையும் செய்வதுண்டு. இரண்டு பேர் என்றால் இரண்டு கட்டணம். சொல்லும் தொகை இருவருக்கும் சேர்த்தா, ஒருவருக்கா என்று கேளுங்கள்.

பதிவான சட்டத்தரணியை நியமிக்க நீங்கள் ஒப்பமிடும் கடதாசியைத்தான் புரொக்சி என்பார்கள். வெற்றுப் புரொக்சியில் ஒப்பம் போடாதீர்கள். எந்த நீதிமன்றம், யாருக்கு எதிராக, எந்த வழக்கு என்று நிரப்பிய பிறகு வாசித்துக் காட்டச் சொல்லி, பிறகு போடுங்கள். சிங்களத்தில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். அவசரம் என்பார்கள். ஐந்து நிமிடம்தான்.

ஒத்துக்கொண்ட தொகையை ஒரு துண்டில் எழுதி இருவரும் ஒப்பமிடுவது நல்லது. மறுத்தால், பேசிய விவரத்தை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பிவிடுங்கள்: ‘ஐயா, வழக்குக்கு இவ்வளவு, இன்று இவ்வளவு கொடுத்தேன், மீதி இன்ன நாளில்’ என்று. அவர் ‘சரி’ என்று பதில் போட்டால் அதுவும் ஓர் ஆதாரம். கொடுக்கும் ஒவ்வொரு காசுக்கும் பற்றுச்சீட்டு கேளுங்கள். கிளார்க் கையில் கொடுத்த காசு லோயருக்குத் தெரியாமல் போன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

‘வென்றால் வருவதில் பாதி எனக்கு, தோற்றால் ஒன்றும் வேண்டாம்’ என்ற பேச்சு விபத்து நட்டஈட்டு வழக்குகளில் வரும். கேட்க இனிக்கும். காலை இழந்தவருக்கு வரும் காசில் பாதி என்றால் அது எவ்வளவு பெரிய கட்டணம் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, சாதாரண கட்டணம் எவ்வளவு என்று வேறொருவரிடமும் விசாரியுங்கள்.

லோயர் காசும் மற்றக் காசும்

லோயர் கையில் கொடுத்ததெல்லாம் லோயர் காசு ஆகாது. முத்திரைக் காசு, அழைப்பாணை அனுப்பும் செலவு, பிரதி எடுக்கும் கட்டணம், நில அளவையாளருக்குக் கட்டுவது எல்லாம் வெளியே போகும் செலவுகள். இவற்றுக்குத் தனியாக விவரம் கேளுங்கள்.

அதிலும் பிணைக் காசு. நீதவான் ரொக்கப் பிணை விதித்தால் அந்தக் காசு நீதிமன்றத்தில் கட்டப்படும், வழக்கு முடிந்ததும் திரும்பக் கிடைக்கும். அது லோயருக்குப் போகாது. பொலிஸ் பிடித்த அன்றைக்குக் குடும்பமே பதறிப்போய் இருக்கும்போது, ‘பிணை எடுக்க ஐம்பதாயிரம்’ என்று மொத்தமாக ஒரு தொகை கேட்பார்கள். அதில் நீதிமன்றத்தில் கட்டுவது எவ்வளவு, லோயர் கட்டணம் எவ்வளவு? நீதிமன்றப் பற்றுச்சீட்டை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு முடிந்து வருடக்கணக்காகியும் ரொக்கப் பிணையைத் திரும்ப எடுக்கலாம் என்றே தெரியாமல் இருப்பவர்கள் நம்மிடையே நிறைய. சரீரப் பிணை என்றால் பிணையாளர்கள் ஒப்பமிட்டால் போதும், அங்கே காசு கட்டுவதில்லை.

மொழிபெயர்ப்புக்குக் காசு கேட்டாலும் கவனம். மத்திய, ஊவா மாகாண நீதிமன்றங்களில் வேலை பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கிறது. ஆனால் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி நீங்கள் தமிழிலும் வழக்கைத் தொடங்கலாம், மனுக் கொடுக்கலாம். நீதிமன்ற மொழி தெரியாத தரப்பினருக்கு உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் அரசாங்கம் தர வேண்டும். விளங்கவில்லை என்றால் நீதிபதியிடம் சொல்ல உரிமை இருக்கிறது, அதற்காக உங்கள் பையில் கை வைக்கத் தேவையில்லை. நீங்கள் ஆதாரமாகக் கொடுக்கும் பழைய உறுதி (காணிப் பத்திரம்), பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மாற்றுவதற்கு மட்டும் பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டி வரும்.

உறுதி எழுதும்போது

வழக்கே இல்லாவிட்டாலும் காணி வாங்கும்போது லோயரிடம் போகத்தான் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம், காணிக் கைமாற்றத்தை நொத்தாரிசுக்கும் (உறுதி எழுத அதிகாரம் பெற்றவருக்கும்) இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுத வேண்டும் என்கிறது. வழமையில் வாங்குபவர்தான் நொத்தாரிசுக் கட்டணத்தையும் முத்திரைத் தீர்வையையும் கட்டுகிறார்.

விலைக்கு வாங்கும் காணிக்கு முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். பத்து லட்சம் பெறுமதியான காணி என்றால் 3,000, அப்புறம் ஒன்பது லட்சத்துக்கு 36,000, மொத்தம் 39,000 ரூபாய். இது மாகாண வருமானத்துக்குப் போகும் காசு, வங்கியில் கட்டிய சீட்டு இருக்கும். நொத்தாரிசின் சொந்தக் கட்டணம் இதற்கு மேல் தனி. ‘எல்லாம் சேர்த்து இவ்வளவு’ என்று சொன்னால் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடிப் பார்ப்பதும் அந்தக் கட்டணத்துக்குள் வருகிறதா என்று கேளுங்கள். அதில் மட்டும் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். ஒரே காணியை இரண்டு பேருக்கு விற்றவர்களை அங்கேதான் பிடிக்கலாம்.

வங்கியில் கடன் வாங்கி வீடு கட்டுகிறீர்கள் என்றால், ஈட்டு உறுதி (காணியை அடகு வைக்கும் பத்திரம்) எழுதும் வங்கியின் லோயருக்கும் நீங்கள்தான் கட்டுவீர்கள். ஆள் வங்கியினுடையவர், காசு உங்களுடையது! முச்சக்கரவண்டி லீசிங்கிலும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் இப்படி ஒரு வரி ஒளிந்திருக்கும்: கட்டத் தவறினால் அறவிடும் செலவும் சட்டச் செலவும் கடன்காரர் தலையில். அவரவர் லோயருக்கு அவரவர் காசு என்ற பொது வழக்கத்தை அங்கே நீங்களே ஒப்பமிட்டு மாற்றிவிடுகிறீர்கள்.

தீர்ப்பு வந்த பிறகு

சிவில் வழக்கில் தோற்றால் உங்கள் லோயர் காசோடு, எதிர்த்தரப்புக்கு நீதிமன்றம் கணிக்கும் வழக்குச் செலவும் சேரும். வென்றால் உங்கள் பதிவான சட்டத்தரணி செலவுப் பட்டியல் ஒன்றைத் தயாரித்துக் கொடுப்பார், பதிவாளர் அதைக் கணித்து ஒப்புவார். பலர் இந்தப் பட்டியலைப் போடாமலே விட்டுவிடுகிறார்கள். சின்னத் தொகைதான், ஆனாலும் உங்களுடையது.

சில வழக்குகளில் செலவு வேறு மாதிரிப் பிரியும். பங்கு பிரிப்பு வழக்கில் நில அளவைக்கும் மற்றதற்கும் வழக்குப் போட்டவர் முதலில் கட்டினாலும், முடிவில் செலவு பங்காளிகள் எல்லோருக்கும் அவரவர் பங்கின் அளவில் பிரிக்கப்படும். விவாகரத்து வழக்கில் வருமானம் இல்லாத மனைவி, வழக்கு நடக்கும் காலத்துக்கான தாபரிப்பையும் வழக்குச் செலவையும் கணவனிடம் இருந்து கேட்டு மனுக் கொடுக்கலாம். பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் கண்டிச் சட்டப்படி முடித்தவர்கள் மாவட்டப் பதிவாளரிடமே லோயர் இல்லாமல் விவாகரத்து எடுப்பதைப் பார்த்து, நமக்கும் அப்படி முடியும் என்று நினைக்காதீர்கள். பொது விவாகச் சட்டப்படி பதிந்த நமக்கு மாவட்ட நீதிமன்றம்தான்.

நட்டஈடு, சேவைக்காலப் பணம் எதுவானாலும் காசோலையை உங்கள் பெயரில் எழுதக் கேளுங்கள், அல்லது உங்கள் வங்கிக் கணக்குக்கு வரட்டும். முதலில் உங்கள் கைக்கு வந்த பிறகு லோயருக்குரியதைக் கொடுங்கள்.

மேன்முறையீடு என்றால் கட்டணம் முதலில் இருந்து தொடங்கும். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக 14 நாளுக்குள் அறிவித்தலும் 60 நாளுக்குள் மனுவும் போட வேண்டும். எதிர்த்தரப்பின் செலவுக்குப் பிணைப்பணமும் கட்ட வேண்டி வரும். தீர்ப்பு வந்த கோபத்தில் முடிவெடுக்காமல், ஆனால் 14 நாளை மறக்காமல், வழக்கு நடத்தாத இன்னொரு சட்டத்தரணியிடம் தீர்ப்பின் பிரதியைக் காட்டி ஓர் அபிப்பிராயம் வாங்குங்கள். ஒரு தடவைக் கட்டணம்தான்.

லோயர் சரியில்லை என்றால்

மாற்றலாம். ஆனால் புதியவரைப் பிடித்துவிட்டேன் என்று சொன்னால் மட்டும் போதாது. சிவில் வழக்கில் பழைய புரொக்சி அப்படியே நடைமுறையில் இருக்கும். பழைய சட்டத்தரணிக்கு அறிவித்து, நீங்கள் ஒப்பமிட்ட எழுத்தை நீதிமன்றத்தில் கொடுத்து, நீதிமன்ற அனுமதியோடுதான் அதை இரத்துச் செய்ய முடியும். அதற்கு முன் அவருக்குக் கொடுக்க வேண்டிய மீதிக் காசைப் பேசி முடித்து, உங்கள் கடதாசிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இந்தத் தலையிடி வேண்டாம் என்றால் ஆரம்பத்திலேயே மூலப் பத்திரங்களை வீட்டில் வைத்துவிட்டுப் பிரதியைக் கொடுப்பது நல்லது. நீதிமன்றத்தில் மூலம் காட்ட வேண்டிய நாளில் கையோடு கொண்டு போகலாம்.

காசை வாங்கிக்கொண்டு நீதிமன்றத்துக்கே வராதவர், உங்களுக்கு வந்த நட்டஈட்டை வைத்துக்கொண்டவர் போன்றவர்கள் மீது முறைப்பாடு செய்ய இடம் உண்டு. சட்டத்தரணிகளை இடைநிறுத்தவும் பட்டியலில் இருந்து நீக்கவும் அதிகாரம் உள்ளது உயர் நீதிமன்றத்துக்கு. 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம் அதை அளிக்கிறது. முறைப்பாட்டைச் சத்தியக்கடதாசியாக எழுதிப் பிரதம நீதியரசருக்கு அனுப்ப வேண்டும். அதில் வழக்கு இலக்கம், எந்தெந்தத் திகதியில் எவ்வளவு கொடுத்தீர்கள், அவர் வராத தவணைகள் எவை என்று வரிசையாக எழுதி, பற்றுச்சீட்டுகளின் பிரதிகளையும் வாட்ஸ்அப் செய்திகளின் அச்சுப் பிரதிகளையும் சேருங்கள். கட்டணம் அதிகம் என்பது மட்டும்தான் உங்கள் குறை என்றால் அந்த வழி வேண்டாம். நேரே அவரிடம் போய் முதல் நாள் எழுதிய துண்டைக் காட்டிப் பேசுங்கள், சரிவராவிட்டால் உங்கள் ஊர்ச் சட்டத்தரணிகள் சங்கத்தின் மூத்தவர் ஒருவரிடம் போங்கள்.